மீன்கள் தவிர அனைவரும் நலம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மீன்களைத் தவிர அனைவரும் நலம். உங்கள் நலத்துக்கும் எழுதுங்கள். அங்கே யாரையாவது தவிர்க்க வேண்டியிருந்தால் தவிர்த்துவிட்டு எழுதுங்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் பொதுச்சொத்து. நீங்கள் கூப்பிட்டால் முதலில் அத்தை பேசுவார், அடுத்து உங்கள் அண்ணன், அடுத்து அண்ணி, அதற்கடுத்து முதலில் சொல்ல மறந்ததைச் சொல்ல மறுபடியும் அத்தை. என் கைக்கு வரும்போது போன் சூடாகியிருக்கும், நீங்கள் வேலைக்குக் கிளம்பியிருப்பீர்கள். "சாப்டியா?", "சாப்டேன்", "சரி, வச்சிடவா?" என்பதைத் தாண்டி நாம் பேசி மாதக்கணக்காகிறது. கூடத்தில் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அதைத் தாண்டி எனக்கும் எதுவும் வாயில் வருவதில்லை. கடிதத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்க வேண்டுமானால் அத்தைக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கொல்லைக் குளத்தில் மீன் குறைகிறது. உங்கள் அண்ணன் சொல்லியிருப்பார். அதற்கு நீங்கள், "வீட்ல இத்தனை பேர் இருக்கீங்க, ஒரு குளத்தைப் பாத்துக்க முடியலையா?" என்று கேட்டீர்களாம். இத்தனை பேர் இருப்பது வாஸ்தவம்தான். பகலில் நான் நூலகத்தில் இருக்கிறேன். உங்கள் அண்ணன் தன் மின்சாமான் கடையில் இருக்கிறார். அண்ணி பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். அத்தை வீட்டில் இருக்கிறார், பெரும்பாலும் தூக்கத்தில். குளத்திலேயே இருப்பவை மீன்கள் மட்டும்தான். அவற்றால் தங்களைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் பிரச்சினையே.

இன்னொன்றும் சொன்னீர்களாம். "இப்படியே போனா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்." அண்ணன் இதை ஏதோ வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். போன விடுப்பில் நீங்கள் மண் அள்ளும் இயந்திரத்தை வரவழைத்து அந்தக் குளத்தை வெட்டி, கெண்டைக் குஞ்சுகளை விட்ட அன்று என்னிடம் என்ன சொன்னீர்கள்? முதல் தடவை வலை போடும்போது மீன் நன்றாகக் கிடைத்தால் இதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம், துறைமுக வேலைக்கு மறுபடி கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவேன் என்றீர்கள். ஆகவே அந்தக் குளத்தில் காணாமல்போகும் மீனை வெறும் மீன் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் சொல்லிவிட்டுப் போன முறையில் ஒன்றையும் நாங்கள் மாற்றவில்லை. உங்கள் பழைய சைக்கிளின் மணி கரைக் கம்பத்தில் நீங்கள் திருகிய இடத்திலேயே இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அதை அடித்துத்தான் தீனி போடுகிறோம். மணி கேட்டதும் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறப்பதைப் பார்த்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். இப்போது கைதட்டும் அளவுக்குக் கூட்டம் வருவதில்லை. குறைகிறது என்று நாங்கள் கண்டுகொண்டதே அப்படித்தான்.

திருடன் யார் என்பதை உங்கள் அண்ணன் ஒரே காலைப்பொழுதில் கண்டுபிடித்துவிட்டார். பின்வீட்டுத் தையல்காரராம். ஆதாரங்கள் இவை. ஒன்று, குளத்தங்கரையிலிருந்து அவர் வீட்டுப் பின்சுவர்வரை ஈரச்சேறு இழுபட்ட தடம். மற்றொன்று, போன வாரம் அவர் வீட்டில் மீன் பொரித்த வாசனை. சந்தையில் யார் வேண்டுமானாலும் மீன் வாங்கலாமே என்றேன். "அவர் ஏம்மா சந்தைக்குப் போறாரு? சுவத்துக்கு இந்தப் பக்கமே சந்தை இருக்கே!" என்றார். அன்று மாலையே சுவரோரம் நின்றுகொண்டு, பொதுவாக ஆகாயத்தைப் பார்த்து, அடுத்தவன் உழைப்பைத் தின்றால் செரிக்காது என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னார். ஆகாயம் பதில் சொல்லவில்லை. தையல்காரர் சொன்னார்: "ஏன் சார், எனக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல. இதுல ராத்திரி வந்து உங்க மீனைப் புடிச்சேனாக்கும்? ஆளை விடுங்க."

மறுநாள் நான் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கை திரும்பி வந்தது, ஒரு கை தைத்தும் ஒரு கை தைக்காமலும். வழக்கு முடியும்வரை மற்ற கை வராது போலிருக்கிறது.

எனக்குத் தையல்காரர்மீது சந்தேகமில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த மீன் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முதுகில் ஒரு குத்து, ஆழமாக, ஒற்றையாக. இன்னொன்றின் இரண்டு பக்கமும் கீறல். மூன்றாவதில் தலையும் பாதி உடலும் இருந்தன, மீதியை யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தையல்காரர் ஒரு மீனைக் குத்துவார், இன்னொன்றைக் கீறுவார், மூன்றாவதைப் பச்சையாகக் கடிப்பார் என்றால் நாம் போலீசைவிட மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நூலகத்தில் நீர்ப்பறவைகள் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. வாங்கிய நாள் முதல் அதை யாரும் எடுத்துப் போனதில்லை. இன்று நான் எடுத்து வந்திருக்கிறேன். நான் படித்து முடிக்கும்வரை நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். மாதக் கடைசிவரை கெடு இருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கெடு என்பது கடைசி நாள்வரைக்கும்தான், முன்னாலேயே முடித்துக் கொடுத்தால் பரிசு ஒன்றும் தரமாட்டார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கிரேனில் ஏறும்போது கீழே பார்க்காதீர்கள் என்று அத்தை சொல்லச் சொன்னார். இறங்கும்போது பாருங்கள் என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கை ரவிக்கையுடன் உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் ஆள்மூலம் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் நாரை நல்லபடியாக வந்து சேர்ந்தது. கால் உடையவில்லை. சொன்னபடியே ஆழமில்லாத ஓரத்தில் ஊன்றி நிறுத்தினோம். ஒரு நாரை நிற்கும் இடத்துக்கு இன்னொரு நாரை வராது என்று உங்கள் அறைத்தோழர் அடித்துச் சொன்னதாகச் சொல்லியிருந்தீர்கள். அவர் எந்த நாரையை விசாரித்தார் என்று தெரியவில்லை. முதல் நாள் காலையில் நிஜ நாரை ஒன்று வந்து கூரைமேல் உட்கார்ந்து பொம்மையைக் கவனித்தது. இரண்டாம் நாள் இறங்கி வந்து அதன் பக்கத்தில் நின்றது. மூன்றாம் நாள் இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு அசையாமல் ஒருவர் நிற்கிறார் என்றால் இங்கே மீன் நன்றாகக் கிடைக்கிறது என்றுதான் அவை புரிந்துகொண்டிருக்கின்றன. புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எது நம்முடையது என்று எனக்கே தெரிவதில்லை. அசையாமல் நிற்பதில் நிஜ நாரைதான் கொஞ்சம் மேல்.

அவை நிற்பதற்கு வசதியும் நாம்தான் செய்து கொடுத்திருக்கிறோம். அத்தை காலை நனைத்துக்கொண்டு உட்காரட்டும் என்று குளத்தின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டச் சொன்னீர்கள். அந்தச் சரிவில் தண்ணீர் சரியாக நாரையின் முழங்கால் உயரம் இருக்கிறது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. அத்தை ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை, வழுக்குமாம்.

படித்து முடித்துவிட்டேன். நம் வீட்டுத் திருடர்கள் மூன்று பேர். முதுகில் ஒற்றைக் குத்து என்றால் நாரை. விழுங்க முடியாத பெரிய மீனாக இருந்தாலும் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டுத்தான் விடும். இரண்டு பக்கமும் கீறல் என்றால் நீர்க்காகம். முங்கிப் போய்க் கொக்கி அலகால் குறுக்கே கவ்வும்போது நழுவியது. பாதியைத் தின்றுவிட்டுப் போவது நீர்நாய். அண்ணன் காட்டிய சேற்றுத்தடத்தைக் குனிந்து பார்த்தேன். அதில் செருப்பு இல்லை, விரல்களுக்கு நடுவே தோல் பதிந்த பாதம் இருக்கிறது. தையல்காரர் வீட்டுச் சுவருக்குப் பின்னால்தான் ஆற்றுக்குப் போகும் வடிகால் ஓடுகிறது. தடம் அவர் வீட்டுக்குப் போகவில்லை, அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வடிகாலுக்குப் போகிறது. போகிற வழியில் ஒரே கல்லின்மேல் தினமும் எச்சம் வைத்திருக்கிறது. குச்சியால் கிளறினேன், உள்ளே முழுக்கச் செதிலும் முள்ளும். நம் மீன்களில் சிலவற்றை நான் அடையாளம் கண்டுகொண்டேன் என்று சொன்னால் மிகையாகிவிடும்.

இதை உங்கள் அண்ணனிடம் காட்டினேன். கல்லையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தையல்காரர் ஏன் நாய் வளக்குறாருன்னு இப்பதானே தெரியுது!" என்றார்.

நீர்நாய் வேறு, நாய் வேறு என்று விளக்க அரைநாள் போயிற்று. விளங்கியதும் அவருக்கு வேகம் வந்துவிட்டது. தன் கடையிலிருந்து பெரிய விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து குளத்துக்கு நேர்மேலே கட்டினார். வெளிச்சம் இருந்தால் மிருகம் எதுவும் அண்டாது என்பது நீங்களும் அவரும் போனில் கூடிப் பேசி எடுத்த முடிவு என்று கேள்விப்பட்டேன். விளக்குக்குப் பூச்சிகள் வந்தன. பூச்சிகளுக்காக மீன்கள் மேலே வந்தன. மீன்களுக்காக யார் வந்திருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. வெளிச்சத்தில் சாப்பிட்டதில் இந்த முறை எலும்பைக்கூடச் சுத்தமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது. விளக்கை அவிழ்த்து அவர் கடைக்கே அனுப்பிவிட்டேன்.

அதற்கடுத்து அவர் செய்ததைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. ஒரு டப்பா பூச்சிமருந்து வாங்கி வந்தார். செத்த மீனுக்குள் வைத்துக் கரையில் போட்டால் ஒரே நாளில் பிரச்சினை தீர்ந்துவிடுமாம். அந்த மீனை முதலில் எடுப்பது தையல்காரர் வீட்டு நாயாகத்தான் இருக்கும் என்றேன். "எடுத்தா எடுக்கட்டுமே" என்றார். நாய் எடுக்காவிட்டால் தெருப்பூனை எடுக்கும், மழை வந்தால் அது குளத்துக்குள்ளேயே இறங்கும், மீதியிருக்கிற மீன்களும் மிதக்கும், அவற்றை நாம் விற்போம், யாரோ வாங்கி வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பார்கள் என்றேன். "நீ படிச்சவ, எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்லுவே" என்றார். ஆமாம், சொல்வேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அண்ணி என்னுடன் கடைவரை நடந்து வந்தார். திரும்பி வரும்போது, "இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு எதையாவது உடனே முடிச்சிரணும்" என்றார். அதில் நீங்களும் அடக்கமா என்று நான் கேட்கவில்லை.

வனத்துறை அலுவலகத்துக்கும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மிகவும் மரியாதையானவர். நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, தொடக்கூடாது என்றார். தொடப்போவதில்லை, வராமல் தடுக்க வழி கேட்கத்தான் வந்தேன் என்றேன். நாரைக்கும் பாதுகாப்பு உண்டு என்றார். மீனுக்கு என்றேன். மீன் மீன்வளத்துறை என்றார். மீன் வளர்க்கிற குடும்பத்துக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எங்க துறையில வராதும்மா" என்றார்.

நீங்களும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். திருடர்களைக் கண்டுபிடித்தாயிற்று. தடுக்கும் வழியும் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது கொஞ்சம் நாட்கள் மட்டும். கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள். கையில் காயம், பேனா இல்லை, கண்ணாடி உடைந்துவிட்டது என்று ஏதாவது சொல்லுங்கள். பொய் சொல்லத் தெரியாவிட்டால் எழுதுங்கள், நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
எந்தத் துறையிலும் வராத உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதியதற்கு நான்கு வரி. முதல் வரியில் மீன், இரண்டாம் வரியில் மீன், மூன்றாம் வரியில் "மேலாளர் தாளைத் தயாராக வச்சிருக்கார், நல்ல சேதி வரலைன்னா மாசக் கடைசியில போட்டுட வேண்டியதுதான்." நான்காவது வரியில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருந்தது. யாருடைய உடம்பு என்று சொல்லவில்லை. முன்னால் இருந்த வரிகளைப் பார்த்தால் அதுவும் மீனுடையதாக இருக்கலாம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது அல்லவா? தெரியட்டும். ஆனால் செய்தி பெரிது, வரிசையாகச் சொல்கிறேன்.

நூலகத்துக் கூரை ஒழுகியதால் ஒரு நாள் மத்தியானமே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். வாசலைத் தாண்டும்போதே சைக்கிள் மணிச் சத்தம். தீனி போடும் நேரமில்லையே என்று கொல்லைப் பக்கம் போனேன். அத்தை குளக்கரையில் நின்று மணியை அடித்துக்கொண்டிருந்தார். கையில் தீனி இல்லை. நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் மீன்கள் மேலே வருவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த நீர்க்காகங்கள் எழும்பிவிட்டன. பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து நாரை இறங்கியது. மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தபோது விருந்தாளிகள் எல்லோரும் அவரவர் இடத்தில் தயாராக இருந்தார்கள். அத்தைக்குத் தூரத்துப் பார்வை கிடையாது. மீன்கள் வந்துவிட்டன என்ற திருப்தியில் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நானே வேறொரு நேரத்தில், வேண்டுமென்றே, வெறும் மணியை அடித்துப் பார்த்தேன். வந்தார்கள். அதற்கடுத்த நாள் மணி அடிக்காமல் தீனியை மட்டும் அங்கங்கே தூவினேன். ஒருவரும் வரவில்லை. நாரை மட்டும் கூரையிலிருந்து கம்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது, கடை ஏன் திறக்கவில்லை என்பதுபோல.

புரிகிறதா? மீன்களுக்குப் பாடம் நடத்துகிறேன் என்று நீங்கள் மணியை மாட்டிவிட்டுப் போனீர்கள். அந்த வகுப்பில் பறவைகளும் உட்கார்ந்து படித்துவிட்டன, மீன்களைவிட நல்ல மதிப்பெண்ணோடு. நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் நாம்தான் காலையும் மாலையும் மணியடித்துப் பந்தி வைத்திருக்கிறோம். இதை விட்டுவிட்டுத் தையல்காரரைத் திருடன் என்றோம்.

வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். "பறவைக்கு எப்படிம்மா மணி தெரியும்? அது என்ன படிச்சதா?" என்றார் உங்கள் அண்ணன். மீன் மட்டும் பட்டம் வாங்கியதா என்று கேட்டேன். அண்ணி சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. மணியைக் கழற்றப்போகிறேன் என்றதும் எழுந்து நின்றார். "அவன் மாட்டிட்டுப் போனது. அதைக் கழட்ட நீ யாரு?" என்றார்.

கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "மத்தியானம் வீட்ல யாருமே இல்ல. ஒரு தடவை அடிச்சா யாரோ வந்த மாதிரி இருக்குது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அண்ணி பள்ளியிலிருந்து வந்ததும் பை வைக்கும் முன்னால் ஒரு அடி அடிப்பாராம். உங்கள் அண்ணன் வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் "என் தம்பி பழக்குனது" என்று சொல்லி அடித்துக் காட்டுவாராம். கடன் வசூலிக்க வந்தவருக்கும் காட்டியிருக்கிறார். நானும் எப்போதாவது. அதற்கு இங்கே விளக்கம் தேவையில்லை.

ஆக, நீங்கள் இல்லாத வீட்டில் ஆளுக்கொரு நேரமாக நாங்கள் எல்லோரும் மணியடித்துக் கொண்டிருந்திருக்கிறோம். வந்தது நீர்க்காகம்.

மணியை நான் கழற்றவில்லை. அத்தையே ஒரு திருப்புளியுடன் போய்க் கழற்றிக்கொண்டு வந்து தன் பெட்டியில் வைத்துவிட்டார். திருப்புளியையும் சேர்த்துப் பூட்டிவிட்டார். அது அண்ணனுடையது, தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் வேலை ஆரம்பித்தோம். சரிவை வெட்டிச் செங்குத்தாக்கினோம். நாரை பறந்து வந்து தண்ணீரில் விழாது, கரையில் இறங்கி நடந்துதான் உள்ளே வரும். ஆகவே கரையைச் சுற்றி அதன் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறும் நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறும் கட்டினோம். குளத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு, நீர்க்காகம் நேராக வந்து இறங்க முடியாதபடி. உள்ளே ஆழத்தில் பழைய சிமெண்டுக் குழாய்களைப் போட்டோம், துரத்தினால் மீன் ஒளிந்துகொள்ள. நீர்நாய்க்குக் கம்பிவலை வேலி, அடிப்பாகத்தை வெளிப்பக்கம் மடக்கி மண்ணுக்குள் புதைத்து. வெறுமே நட்டால் தோண்டிவிடும். உங்கள் பிளாஸ்டிக் நாரையை எடுத்துவிட்டேன். வாசலில் வைத்திருக்கிறோம், குடை மாட்ட வசதியாக இருக்கிறது.

வலைத்துண்டுகளை ஒன்றோடொன்று தைக்க ஆள் வேண்டியிருந்தது. கெட்டியான நூலில் தைக்கும் பெரிய இயந்திரம் இந்தத் தெருவில் ஒருவரிடம்தான் இருக்கிறது. உங்கள் அண்ணனைத்தான் போகச் சொன்னேன். வெகுநேரம் சட்டை மாற்றினார், தலை வாரினார், தண்ணீர் குடித்தார். பிறகு போனார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணியும் நானும் கேட்டோம். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. "கண்ணு இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டார். தையல்காரர், "மீனு புடிக்கிற அளவுக்குத் தேறிடுச்சு சார்" என்றார். அப்புறம் இருவரும் சேர்ந்து வலையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த தடவை ஆகாயத்திடம் பேசுவதற்கு முன் தன்னிடம் பேசினால் போதும் என்றார்.

நீர்நாய் ஒரு முறை வந்து வேலியைச் சுற்றிப் பார்த்திருக்கிறது. உள்ளே வர வழியில்லாமல், வேலிக்கு வெளியே வேறொரு கல்லின்மேல் எச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதைப் புகார் மனு என்று எடுத்துக்கொண்டேன். வனத்துறையில் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார்கள். நாரை மட்டும் இன்னும் கூரைக்கு வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. பசித்து வந்தது, கூப்பிட்டதால் வந்தது.

இப்போது நீங்கள் காத்திருக்கும் சேதி. நேற்று ஒரு மூலையில் மட்டும் வலைவிட்டுப் பார்த்தோம். கிடைத்தவை நன்றாகப் பெருத்திருக்கின்றன, அண்ணன் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தும் நழுவவிட்டார். ஆனால் எண்ணிக்கை குறைவுதான். விட்டதில் பாதிகூட இருக்காது என்கிறார். நீங்கள் போன விடுப்பில் போட்ட கணக்குப்படி இது போதாது. கூட்டிச் சொல்லி உங்களை ஏமாற்றலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. செய்யவில்லை.

உங்கள் நியாயப்படி இந்தச் சேதியைப் படித்ததும் நீங்கள் பேனாவைத் தேடவேண்டும். மீன் நன்றாகக் கிடைத்தால் வருவேன், கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். நல்ல தெளிவான நிபந்தனை. அதைக் கேட்ட நாளிலிருந்து ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. வருவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவுசெய்யும்போது மீன்களைக் கேட்டீர்கள், நாரையைக் கேட்டீர்கள், மேலாளரைக் கேட்டீர்கள், அறைத்தோழரைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் குளத்தை இத்தனை நாளாகக் காவல் காத்தேன். எச்சத்தைக் கிளறினேன், விஷ டப்பாவைச் சுமந்தேன், ஒரு கை ரவிக்கையை அலமாரியில் மாட்டிவைத்திருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவதை ஒரு கெண்டை தீர்மானிக்கும் என்றால் அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனசில்லை.

ஆகவே நானும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். வலை எப்போது போடலாம் என்று உங்கள் அண்ணன் இன்று காலையில் கேட்டார். வலைக்காரர்களிடம் நாள் சொல்ல வேண்டுமாம். நீங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் இந்தக் குளத்தில் ஒரு வலையும் இறங்காது என்று சொல்லிவிட்டேன். "அவன் ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா?" என்றார். அதுவரை மீன்கள் வளரட்டும், குளத்தை அடைத்துக்கொண்டு வளரட்டும், தீனி நான் போடுகிறேன் என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "அவ சொல்றதுதான்" என்றார். அண்ணி ஏற்கெனவே என் பக்கம். தையல்காரர் சுவருக்கு அப்பாலிருந்து, கேட்காமலேயே, "நானும்தான்" என்றார். இந்த வீட்டில் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பாதி மீன்தான் இருக்கிறது. அதில் எப்படிப் பிழைப்பது என்று எனக்கும் தெரியாது. அதை நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்து யோசிப்பதைவிட, இங்கே கரையில் உட்கார்ந்து இருவருமாக யோசிக்கலாம். சரிவை வெட்டிவிட்டதால் உட்கார இடம் கொஞ்சம் குறைச்சல், நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

மேலாளருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாளைத் தயாராக வைத்திருப்பதற்கு நன்றி, அதை வேறு யாருக்காவது பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுடைய உடம்பை. வழியில் எதிலும் கையெழுத்துப் போடாமல் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி